மாத்திரைப் பெட்டியில் ஒரு வரி

போன வாரம் குளியலறை அலமாரிக்கு முன்னால் அண்ணியை நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். கையில் மாத்திரை அட்டை. இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பாவம், ஒரு வாரம் நின்றதில் கால் கடுத்திருக்கும். வெளியே வரச் சொல்வோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்த வீட்டின் கீழ்த்தளம் டிரைவிங் ஸ்கூல். மேல்தளம் குடித்தனம். மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஆபீஸ் மேஜை, போன், யாருக்கு எப்போது வகுப்பு என்கிற நிர்வாகமெல்லாம் அவர் மனைவி கையில். தெருவே அவளை அண்ணி என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். மாஸ்டரின் தங்கை இன்னொரு காரில் பாடம் நடத்துகிறாள். வயது முப்பதைத் தாண்டியும் அவளை 'வாலு' என்று கூப்பிடுவதை அண்ணன் விடவில்லை. அவளும் அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்வதை விடவில்லை.

கோடைக்கு முன்னால் மாஸ்டருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. உடம்பு என்று சொல்வது நம் வாய்ப்பழக்கம். சரியில்லாமல் போனது மனம். தூக்கம் போயிற்று. பத்துக் கிளை திறக்கிறேன், பறக்கும் காருக்கும் வகுப்பு எடுக்கிறேன் என்று ஆரம்பித்துக் கடைசியில் ஆஸ்பத்திரியில் போய் முடிந்தது. இருமுனை மனநிலைக் கோளாறு என்று டாக்டர் பெயர் சொன்னார். ஒரு சமயம் மனசு உச்சாணிக் கொம்பில் ஏறி நிற்கும், இன்னொரு சமயம் பாதாளத்தில் கிடக்கும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் மனுஷனாக வாழலாம் என்றும் சொன்னார்.

அந்த மாத்திரைதான் அட்டையில் மிச்சம் இருந்தது.

காலை டீயை ஊற்றும்போது அண்ணி வாலுவிடம் சொல்லிவிட்டாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தாழ்த்தியிருக்க வேண்டாம். கீழே மாஸ்டர் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவிக்கொண்டிருந்தார். விசில் வேறு.

"இது ரெண்டாவது தடவை கழுவறாரு" என்றாள் அண்ணி. "விடியறதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஆச்சு. ரெண்டு நாளா படுக்கையில முதுகு சாயல."

"நீங்க கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது? கேட்டா கோவம் வருது. கேக்கலேன்னா எனக்குத் தூக்கம் வரல."

வாலு டீயைக் கீழே வைத்தாள். "அவன் ஏன் மாத்திரையை விடணும் அண்ணி? நல்லாத்தானே இருந்தான்? ஆஸ்பத்திரியில தலையாட்டிட்டுத்தானே வந்தான்?"

அண்ணி, கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள். அந்த வீட்டில் அன்று எல்லாமே இரண்டு தடவை கழுவப்பட்டது.

"அண்ணி, உங்க மூஞ்சியே சரியில்ல. சொல்லுங்க."

"ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள் அண்ணி. "மாத்திரைப் பெட்டிக்குள்ள மடிச்சு மடிச்சு ஒரு சீட்டு வச்சிருப்பாங்களே, பெட்டி மருந்துக் கடையிலேருந்து வந்ததும் முதல் வேலையா அதை உருவிக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

"எதுக்கு?"

"அதுல போட்டிருக்கு. இந்த மருந்து சாப்பிடும்போது வாகனம் ஓட்டாதீர்கள்னு. அதை உங்க அண்ணன் படிச்சா என்ன ஆகும்? மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சுப்பாரு. அதான் கண்ணுல படாம பண்ணினேன்."

வாலு தலையில் கை வைத்துக்கொண்டாள். வேறு வீடாக இருந்தால் அந்தச் சீட்டில் வாய் உலரும், எடை கூடும் என்கிற வரிகளைப் பார்த்து மிரண்டிருப்பார்கள். இவர்களுக்கு அத்தனை வரியிலும் அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கில் சோறு சாப்பிடுகிற குடும்பம் அல்லவா!

"அண்ணி, முதல் பெட்டியை ஆஸ்பத்திரியில அவன் கையிலதானே குடுத்தாங்க?"

அண்ணியின் கை குழாயடியில் நின்றுவிட்டது.

"புதுக் கார் வந்தா அதோட கையேட்டை அட்டை முதல் அட்டை வரைக்கும் படிச்சுட்டுத்தான் சாவியையே தொடுவான். அந்தச் சீட்டை விட்டிருப்பானா? முதல் நாளே படிச்சிருப்பான்."

"அப்போ நான் கிழிச்சதெல்லாம்..."

"வீண்."

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அழ நேரமில்லை என்று அவளே துடைத்துக்கொண்டாள்.

"போன்ல தேடிப் பார்க்காத நாளில்ல, வாலு. ஒருத்தர் மாத்திரையே விஷம்ங்கறார். ஒருத்தர் மூச்சுப்பயிற்சி போதும்ங்கறார். ஒரு அம்மா வீடியோவுல கண்ணீர் விட்டு அழுதுட்டு, கடைசியில தலைக்குத் தேய்க்க எண்ணெய் விக்கறா. நானும் வாங்கினேன்."

"அந்தப் பச்சை பாட்டிலா? நான் அதைக் கதவுக் கீலுக்குப் போட்டேன்."

"கிறீச்சு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"சரி, ஏதோ ஒண்ணுக்கு உதவுச்சே" என்று அண்ணி மூக்கைச் சிந்தினாள்.

கீழே விசில் நின்று, மாஸ்டர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. மூச்சு விடாமல் பேசினார். இன்னும் இரண்டு பேரை இன்றைக்கே வகுப்புக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். வாலு எழுந்தாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். போன் பண்ணினா பாட்டுத்தான் பாடுது. நேர்லயே போய் யாரையாவது பிடிச்சுக் கேக்கறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, இன்னைக்கு அவன் வண்டி எடுக்கக் கூடாது."

"எப்படித் தடுக்கறது? சாவி அவர் இடுப்புல தொங்குது."

"படிக்க வர்றவங்களைத் தடுங்க. வண்டி ரிப்பேர்னு சொல்லுங்க."

"ரெண்டு தடவை கழுவின வண்டியையா?" என்றாள் அண்ணி. ஆனாலும் போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் கேன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. 'நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் தகவல்' என்று பலகை. அண்ணன் அங்கே படுத்திருந்த நாளெல்லாம் வாலு அந்தப் பலகையைத் தாண்டித்தான் காபி வாங்கப் போவாள். ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ரயில் நேரம் சொல்கிற இடம் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தாள்.

உள்ளே ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் புத்தகங்கள். காதில் பேனா செருகிய ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பல வருஷம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இந்த மேஜைக்கு வந்தவர்.

"உக்காருங்க. யாருக்காக வந்திருக்கீங்க?"

"எங்க அண்ணனுக்காக. பேரு சொல்றேன். கம்ப்யூட்டர்ல பாத்து என்ன மாத்திரை, எவ்வளவு, அதைப் போட்டா வண்டி ஓட்டலாமான்னு சொல்லுங்க."

"அதை அவர் சம்மதம் இல்லாம நான் சொல்ல முடியாதும்மா."

வாலுவுக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் கூடப் பிறந்தவ."

"அது தெரியுது, கோவத்துலயே" என்று நர்ஸம்மா சிரித்தார். "நான் சொல்றதுக்குத்தான் தடை. கேட்டுக்கறதுக்கு ஒரு தடையும் இல்ல. வீட்டுல என்ன நடக்குதுன்னு நீங்க சொல்லுங்க. டாக்டர் காதுல போட்டுடறேன்."

இப்படி ஒரு வழி இருப்பது வாலுவுக்குத் தெரியாது. இத்தனை நாளாக, ஆஸ்பத்திரி பேசினால்தான் நாம் கேட்க முடியும் என்று இருந்தாள். கொட்டித் தீர்த்துவிட்டாள். அட்டை, சீட்டு, விசில், இரண்டு நாள் தூக்கமின்மை, ஒன்றையும் விடவில்லை.

நர்ஸம்மா ஐயோ என்றும் சொல்லவில்லை, அச்சச்சோ என்றும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். சாப்பிடுகிறாரா, பேச்சில் வேகம் இருக்கிறதா, கண்டபடி செலவு செய்கிறாரா. கடைசியில் அதே குரலில், "செத்துப்போகணும், தன்னைக் காயப்படுத்திக்கணும்னு ஏதாவது பேசறாரா?" என்றார்.

வாலு திடுக்கிட்டாள். "இல்ல. நாங்க கேட்டதில்ல. அதையெல்லாம் கேட்டா நாமளே மனசுல விதைச்ச மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. எத்தனையோ பேர் யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருப்பாங்க. சாதாரணமாக் கேளுங்க. இருக்குன்னு சொன்னா தனியா விடாதீங்க, உடனே இங்க கூட்டிட்டு வந்துடுங்க, நேரம் காலம் பாக்காதீங்க."

"சரி. அந்தச் சீட்டு?"

"அந்தச் சீட்டுல யாருக்காவது எப்பவாவது வந்த எல்லாத்தையும் போட்டிருப்பாங்க. தலைவலி மாத்திரைச் சீட்டை முழுசாப் படிச்சாலே தலைவலி வந்துடும். அதுக்காகப் பொய்யும் இல்ல. சிலருக்கு மந்தமா இருக்கும். ஆரம்பத்துல இருந்துட்டுப் போயிடும் சிலருக்கு. மாத்திரை நேரத்தை மாத்துவாங்க, மருந்தையே மாத்துவாங்க, கொஞ்ச நாள் ஓட்டாதீங்கன்னும் சொல்லுவாங்க. உங்க அண்ணனுக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா ரெண்டு நாள் தூங்காத மனுஷன் இன்னைக்கு வண்டி எடுக்கக் கூடாதுன்னு சொல்ல டாக்டர் வேண்டாம். நானே சொல்லுவேன்."

"விட்டுப்போன மாத்திரையை எல்லாம் சேத்துக் குடுத்துடலாமா?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்! ஒண்ணுகூட அதிகமாக் குடுக்காதீங்க. எப்படித் திரும்ப ஆரம்பிக்கறதுன்னு அவங்க சொல்லுவாங்க."

நர்ஸம்மா போனில் மாடிக்குப் பேசினார். மாலையில் டாக்டர் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். வாலு எழுந்தபோது சுவரிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். 'வீட்டில் உடன் இருப்பவர்களுக்கு' என்று அட்டையில் இருந்தது.

"போன்ல தேடறது தப்பில்லம்மா. எழுதினது யாரு, எந்தக் காலத்துல எழுதினது, கீழ எதையாவது விக்கறாங்களான்னு பாத்துட்டுத் தேடுங்க."

"எண்ணெய் வாங்கிட்டோம்."

"எல்லாரும் வாங்கறாங்க" என்றார் நர்ஸம்மா. "இன்னொண்ணு. அவரை ஏமாத்திக் கூட்டிட்டு வராதீங்க. பல்லுவலின்னு சொல்லி இங்க கூட்டிட்டு வர்றவங்க உண்டு. ஒரு தடவைதான் நடக்கும். அப்புறம் நிஜப் பல்லுவலிக்குக்கூட உங்க கூட வரமாட்டாரு."

அண்ணி நான்கு பேரைத் தடுத்துவிட்டாள். ஐந்தாவது ஆள் பல் டாக்டர். அந்தம்மாள் யார் வாயிலோ கையை வைத்திருந்ததால் போனை எடுக்கவில்லை. மதியம் டாண் என்று வந்து நின்றுவிட்டார். லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை தோற்றவர், மூன்றாவது தடவை அடுத்த வாரம். ஸ்டியரிங்கைக் கடைவாய்ப் பல் மாதிரி பிடித்துக்கொள்வார், விடவே மாட்டார்.

மாஸ்டர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். அண்ணி குறுக்கே நின்று பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் வேறு வழி தெரியாமல் பின் கதவைத் திறந்து, கைப்பையோடு தானும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூலையே நடத்துகிறவள், கார் ஓட்டத் தெரியாதவள், அன்றைக்குத்தான் முதல்முதலாக வகுப்புக்குப் போனாள்.

பயிற்சி நடப்பது பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில். அண்ணி போனில் சொன்னதும் வாலு ஸ்கூட்டரில் பறந்து அங்கே வந்தபோது, கார் கிடங்குச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி இறக்கியிருந்ததால் மாஸ்டர் குரல் வெளியே கேட்டது.

"கிளட்ச், கண்ணாடியைப் பாருங்க, கியரை மாத்துங்க, சுவரைப் பாக்காதீங்க, சுவருக்குப் பின்னால இருக்கற ரோட்டைப் பாருங்க, அடுத்த மாசம் மலைப்பாதையில கூட்டிட்டுப் போறேன்..."

"மாஸ்டர், ஒரு நேரத்துல ஒண்ணு சொல்லுங்க!" என்று பல் டாக்டர் கத்துவதும் கேட்டது.

வாலு ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினாள். சுவருக்கு இரண்டு முழம் இருக்கும்போது கார் நின்றது.

"நின்னுட்டேன்! நானே நிறுத்திட்டேன்!" பல் டாக்டர் கை தட்டினார். என்ஜின் காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தது. அந்தம்மாளின் கால் இன்னும் ஆக்ஸிலரேட்டரில்தான் இருந்தது என்பது வாலுவுக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. நிறுத்தியது மாஸ்டர்.

இந்த ஸ்கூலில் ஒரு வழக்கம் உண்டு. கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது அல்லவா? அதை மிதித்தால் அடுத்த நொடியே "நான் மிதிச்சேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஓட்டுகிறவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார். அந்த நினைப்போடு தனியாகத் தெருவுக்குப் போனால் யார் மேலாவது ஏற்றிவிடுவார். இது மாஸ்டரே வைத்த வழக்கம். வாலு ஒரு தடவை சொல்ல மறந்ததற்கு ஒரு வாரம் அவளை வண்டியில் ஏற்றவில்லை.

இன்று அவர் சொல்லவில்லை. பல் டாக்டரும் சந்தோஷமாக இருந்தார்.

"டாக்டர், எதிர்ல டீ நல்லாருக்கும். ஒண்ணு குடிச்சுட்டு வாங்களேன்" என்றாள் வாலு. அந்தம்மாள் இறங்கிப் போனதும் அந்த சீட்டில் உட்கார்ந்து என்ஜினை நிறுத்தினாள்.

"அண்ணா, நீதானே மிதிச்சே?"

மாஸ்டர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் முதல் தடவையாக அவர் வாய் ஓய்ந்திருந்தது. "கடைசியிலதான் பாத்தேன். பேசிட்டே இருந்துட்டேன்."

"மிதிச்சதைச் சொல்லலையே."

"மறந்துட்டேன்."

"சரி, நான் மறக்கல. நானும் இன்னைக்கு ஒரு பிரேக்கை மிதிச்சிருக்கேன். சொல்லிடறேன்." வாலு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நீ மாத்திரை போடறதில்லைன்னு எங்களுக்குத் தெரியும். உன்னைக் கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். சாயங்காலம் டாக்டர் உன்னைப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"யாரைக் கேட்டுப் போனே?" மாஸ்டர் வெடித்தார். "நான் என்ன சின்னப் பிள்ளையா? நல்லா இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. சிரிச்சா வியாதி, விசிலடிச்சா வியாதி! ஒரு மனுஷன் கார் கழுவக் கூடாதா?"

"ரெண்டு தடவை கழுவினே."

"அழுக்கா இருந்துச்சு!"

"அண்ணா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் வாலு. இதை அவள் யாரிடமும் சொல்கிற வழக்கம் இல்லை. "அந்தச் சுவரைப் பாத்தியா? அதான். எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

மாஸ்டர் மறுபடி பேசியபோது வேகம் குறைந்திருந்தது.

"அந்த மாத்திரை போட்டா காலையில கால் கனக்குது, வாலு. பிரேக் எங்கேன்னு கால் தேடுது. சீட்டுலயும் போட்டிருக்கு, ஓட்டாதேன்னு. வகுப்பு இருக்கற நாளுக்கு முந்தின ராத்திரி போடறதில்ல. வகுப்பு இல்லாத நாள் எங்க இருக்கு நமக்கு? மாத்திரையா வண்டியான்னா நான் என்ன பண்ணுவேன்? வண்டியை விட்டுட்டா இந்த வீட்டுல நான் யாரு?"

"டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டா ஓட்டாதேன்னுடுவாரு."

"அதனால கேக்கல."

"ஆமா, கேக்கல!" என்றவர் எதையோ நினைத்துக்கொண்டார். "முதல் பெட்டியில இருந்த சீட்டு எங்கேயோ போச்சு. மறுபடியும் படிக்கணும்னு பாத்தா, அடுத்து வந்த பெட்டி எதுலயுமே சீட்டு இல்ல. கடைக்காரன் போடறதில்ல போலன்னு விட்டுட்டேன்."

பின் சீட்டில் கைப்பையின் கொக்கி கிளிக்கென்றது.

"கடைக்காரன் போட்டான்" என்றாள் அண்ணி. "நான்தான் எடுத்துக் கிழிச்சேன்."

மாஸ்டர் திரும்பினார்.

"நீங்க படிச்சா மாத்திரையை விட்டுடுவீங்கன்னு பயந்தேன். ஆஸ்பத்திரியில பாத்தேனே உங்களை. அந்த மாதிரி இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

"எல்லாப் பெட்டியிலயுமா?"

"எல்லாத்துலயும்."

ஒரே வரியைப் புருஷன் பெண்டாட்டியிடம் மறைத்திருக்கிறார், பெண்டாட்டி புருஷனிடம் மறைத்திருக்கிறாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். வாலுவுக்கு இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்ட வேண்டும் போல இருந்தது.

மாஸ்டர் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்த்தார். தங்கை கையில் கொடுத்தார். "சாயங்காலம் வரேன்" என்றார். "கேள்வியை நான்தான் கேப்பேன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

மனநல மருத்துவர் அறையில் மூன்று நாற்காலிகள். மாஸ்டர் நடுவில் உட்கார்ந்தார். சொன்னபடியே அவர்தான் கேட்டார்.

"டாக்டர், நான் டிரைவிங் மாஸ்டர். இந்த மாத்திரை போட்டா கால் கனக்குது. விட்டா தூக்கம் போகுது. எனக்கு வண்டி வேணும். வழி சொல்லுங்க."

"இதை முதல் மாசமே கேட்டிருந்தா நல்லாருந்திருக்குமே" என்றார் மருத்துவர், திட்டுகிற குரலில் இல்லாமல். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இந்த ராத்திரியிலிருந்து எவ்வளவு, எந்த நேரத்தில் என்று மாற்றிச் சொன்னார். சீக்கிரமே மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் கனம் குறையலாம், குறையாவிட்டால் வேறு மருந்து இருக்கிறது என்றார். "ஆனா நான் மறுபடி பாத்துச் சொல்றவரைக்கும் வண்டி கூடாது. பக்கத்து சீட்டுலயும் கூடாது."

"எப்போ சொல்லுவீங்க?"

"அடுத்த மாசம் பாக்கலாம். முடியாதுன்னு இப்பவே சொல்லல. கண்டிப்பா முடியும்னும் சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் எகிறிக் குதிப்பார் என்று வாலு பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து, "சரி" என்றார். அண்ணியின் தோள் அப்போதுதான் இறங்கியது.

"இன்னொரு விஷயம்" என்றார் மருத்துவர். "உங்க சிகிச்சையைப் பத்தி வீட்டுல யார்கிட்ட நாங்க பேசலாம்? உங்களுக்கு ஏதாவது அவசரம்னா, மருந்தை மாத்தினா, யாரைக் கூப்பிடறது? நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்கதான்."

"என் தங்கச்சி."

"மனைவி?"

மாஸ்டர் அண்ணியைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"வேண்டாம், டாக்டர். அவகிட்ட போற சேதி என்கிட்ட வந்து சேராது."

கோபத்தில் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்கிற குரலில் சொன்னார். வாலு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி அவள் முழங்கையைத் தொட்டு வேண்டாம் என்றாள்.

வெளியே வந்ததும் வாலு காரின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி ஏறவில்லை.

"நீங்க போங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

"அண்ணி, அவன் ஏதோ..."

"அவரு சொன்னது சரிதான். நான் மறைச்சேன். அதுக்கு நான் சண்டை போடல." அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அவரு எழுந்தா எழுந்து, புரண்டாப் புரண்டு, மூச்சு ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு எத்தனை மாசம் படுத்திருக்கேன் தெரியுமா? இன்னைக்கு அந்த வேலை உனக்கு வந்தாச்சு. டாக்டர்கிட்ட அவரே சொல்லிட்டாரு. நான் கொஞ்சம் தூங்கறேன்."

"எப்போ வருவீங்க?"

"தூக்கம் முடிஞ்சதும்" என்றாள் அண்ணி.

பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவள் கைப்பையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் நகர்ந்தது.

"வாலு, அவ திரும்பி வருவாளா?"

"தெரியலண்ணா. அவங்களைத்தான் கேக்கணும்."

"கேளேன். போன் பண்ணிக் கேளு."

வாலு கையிலிருந்த போனை அவரிடம் நீட்டினாள்.

"நான் இல்லண்ணா. நீதான் கேக்கணும்."